நாலாவது வரிக்கு டிக் இல்லை

அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பொறுங்க சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர், நாளாக நாளாக முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "பொறுங்க சார் ஏறிட்டார், இனிமே இது மெதுவாத்தான் போகும்" என்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லையே! புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டுடலாமா என்றால் பொறுங்க சார். பழைய ஃபைலை அழிச்சிடலாமா என்றால் பொறுங்க சார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் அதைத்தான் சொன்னார் என்று அவர் மனைவி சொல்லிக்காட்டுவாள்.

கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஒரு குளிர் அறை. அதில் ஆளுயர இரும்பு அலமாரியில் ஒரு சர்வர். அந்த ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேன் படமும் அங்கே வந்துதான் சேரும். மேலே டாக்டர்கள் திரையில் பார்க்கிற ஒவ்வொரு படமும் அங்கிருந்துதான் போகும். பத்தொன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போவார். அந்த அறையில் ஃபேன்கள் போடுகிற இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் அதே குரல். "இங்க என்ன சர்வரா ஓடுது? மெதுவா பேசுங்க" என்று மனைவி தினமும் ஒரு தடவையாவது சொல்வாள்.

அவரிடம் நீளமான, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. சர்வரில் கை வைப்பதற்கு முன்னால் அதில் இரண்டு பக்கம் எழுதுவார். இடது பக்கம், செய்யப்போகிற வேலை. வலது பக்கம், அது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பி வருகிற வழி. வலது பக்கத்தைத்தான் முதலில் எழுதுவார். திரும்பி வரும் வழி தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கக் கூடாதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அந்தப் பக்கத்தை எதில் படிப்பதாம்? ஒவ்வொரு வரியையும் செய்து முடித்த பிறகுதான் பக்கத்தில் டிக் போடுவார். செய்யாத வரிக்கு டிக் கிடையாது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், டிக் விஷயத்தில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். ஒரு நாள் அவசரத்தில், "நகல் எடுத்தாயிற்று" என்ற வரிக்கு எடுக்காமலேயே டிக் போட்டார். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் ஒரு டிஸ்க் போய்விட்டது. அன்று காலை எடுத்த படங்கள் அத்தனையும் போயின. இருபத்தாறு நோயாளிகளை மறுபடி வரவழைத்து, மறுபடி படுக்க வைத்து, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு அம்மா மூச்சு வாங்க வாங்க, "எனக்கு மட்டும் ஏம்பா ரெண்டு தடவை?" என்று கேட்டாள். அவரைப் பார்த்துத்தான் கேட்டாள், யாரென்று தெரியாமல். அதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். கொடுத்தது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டாவது மெமோ என்று ஒன்று கிடையாது. இரண்டாவது வந்தால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

இனி கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்த புது மேலாளர் கதைக்கு வருவோம். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சில் வேகம், நடையில் வேகம், எதிராளி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவரும் பொறுங்க சாரும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணினால் எப்படி இருக்கும்? அந்த மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சர்வருக்குப் புது வெர்ஷன் போடுவது என்று மேலாளர் தேதி குறித்தார். இவரும் நோட்டில் அந்தத் தேதி போட்டு, வலது பக்கம் ஆறு வரி, இடது பக்கம் ஒன்பது வரி எழுதி வைத்துவிட்டார். அப்புறம்தான் புது வெர்ஷனோடு வந்த குறிப்பை வரி விடாமல் படித்தார். ஸ்கேன் மிஷின்களும் டாக்டர்கள் படம் பார்க்கிற கம்ப்யூட்டர்களும் பழசு. அவை சர்வரோடு பேசுகிற முறையும் பழசு. அந்தப் பழைய முறையைப் புது வெர்ஷனில் எடுத்தே விட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை, வராந்தாவில் மேலாளரை மடக்கிச் சொன்னார். "பொறுங்க சார். இதைப் போட்டா ஸ்கேன் மிஷின் ஒண்ணும் வேலை செய்யாது."

"சரி சரி, தள்ளி வைங்க" என்றார் மேலாளர், நடந்துகொண்டே.

அவ்வளவுதான். வாய்வார்த்தை. ஒரு மெயில் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. சர்வரிடம் அத்தனை ஜாக்கிரதையாக இருந்த மனுஷன், மனுஷர்களிடம் இருக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தையும் அடிக்கவில்லை. எப்போதாவது உதவும், தேதியை மட்டும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கீழே இறங்கினால், கதவருகே ஸ்கேன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஸ்கேன் அறையின் மூத்த டெக்னீஷியன். ஆஸ்பத்திரிக்கே அவள் அக்கா.

"என்னத்த பண்ணித் தொலைச்சீங்க சார்? ஒரு படம் உள்ள போக மாட்டேங்குது. பழைய படமும் திறக்கல. மேல வரிசை வாசல் வரைக்கும் நிக்குது!"

"நான் ஒண்ணும் தொடலியேம்மா!"

"அப்ப பேயா வந்து தொட்டுச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஓடினாள்.

உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். மூலையில் புது வெர்ஷன் எண். மேசைத் தொலைபேசியில் மேலாளரைப் பிடித்தார்.

"ஆமா, நேத்து நான்தான் போட்டேன்" என்றார் மேலாளர், ஏதோ ஜன்னலைச் சாத்தினேன் என்கிற மாதிரி. "வீட்டுல இருந்தே முடிச்சிட்டேன். நாளைக்குத் தரச் சான்றிதழுக்கு ஆய்வுக்குழு வருது. பத்தொன்பதாவது கேள்வியே, மென்பொருள் எல்லாம் புது வெர்ஷனான்னுதான். உங்ககிட்ட சொன்னா பொறுங்க பொறுங்கன்னே இருப்பீங்க."

"சார், ஒரு மிஷினும் பேச மாட்டேங்குது சார்."

"அப்ப சரி பண்ணுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

எப்படிப் போட முடிந்தது என்று கேட்பீர்கள். அந்த சர்வருக்கு இருந்தது ஒரே ஒரு அட்மின் கணக்கு. பாஸ்வேர்டும் ஒன்றுதான். ஆள் மாறினாலும் பாஸ்வேர்ட் மாறாது; அவசரத்துக்கு உதவும் என்று மேலாளர் உட்பட மூன்று பேருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கணக்குக்குப் பொறுப்பாளர் என்று காகிதத்தில் எழுதியிருந்தது மட்டும் இவர் ஒருவர் பெயர்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. நோட்டைத் திறந்தார். வலது பக்கம் தயாராக இருந்தது. முதல் வரி, ஸ்கேன் அறைகளுக்குச் சொல்லி அனுப்பி வேலையை நிறுத்துவது. இரண்டாவது, பழைய வெர்ஷன் சேதமில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, ஞாயிறு முதல் சர்வருக்குள் வந்ததையெல்லாம் தனி டிஸ்கில் எடுத்து வைப்பது. மூன்றும் முடிந்தன, மூன்று டிக். நாலாவது வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்: "லாக்கை எடுக்காமல் திரும்பாதே."

யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன செய்தார்கள் என்று சர்வர் தானாகவே எழுதிக்கொள்கிற பதிவுதான் லாக். பழையதற்குத் திரும்பும்போது அந்த சர்வர் புதியதைத் துடைத்தெறிந்துவிட்டுத்தான் திரும்பும். புதியதோடு லாக்கும் போய்விடும்.

லாக்கைத் திறந்தார். இருந்தது! ஞாயிறு காலை பதினோரு மணி பன்னிரண்டு நிமிடம், அட்மின், மேலாளருடைய லேப்டாப்பின் பெயர். அப்பாடா என்று மூச்சு விட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்தத் திரையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நகல் எடுக்கக் கொடுத்தார். சர்வர் திணறிக்கொண்டிருந்தது, நாற்பது நிமிடம் ஆகும் என்று காட்டியது. ஆகட்டும் என்று உட்கார்ந்தார்.

தொலைபேசி அடித்தது. மூளை அறுவை செய்கிற டாக்டர்.

"தியேட்டர்ல படம் வரல. எவ்வளவு நேரம் ஆகும்?"

"அம்பது நிமிஷம் ஆகும் டாக்டர்."

"விளையாடுறீங்களா? பேஷன்ட்டுக்கு மயக்க மருந்து கொடுத்தாச்சு. அறுபத்தெட்டு வயசு, ஏற்கெனவே இதயம் சரியில்ல. படம் இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். சும்மா படுக்கவெச்சுக் காத்துக்கிட்டும் இருக்க முடியாது. உடனே தர முடியுமா, முடியாதா?"

அவர் திரையைப் பார்த்தார். ஐந்து சதவீதம். எழுந்து போய்ப் போனைக் கொண்டுவந்து ஒரு போட்டோ எடுக்கலாம்தான். ஆனால் போனைக் குளிர் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. மேலே காவலாளி மேசையில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்த விதியை எழுதியவரே இவர்தான், என்ன சொல்வது! வாய் வரைக்கும் "பொறுங்க" வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

"பதினஞ்சு நிமிஷத்துல தரேன் டாக்டர்."

நகலை நிறுத்தினார். திரையில் தெரிந்த அந்த ஒரு வரியை மட்டும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வரி, திரும்புவது. டிக். ஆறாவது வரி, ஒரு படத்தைத் திறந்து பார்ப்பது. தியேட்டரில் படுத்திருந்த நோயாளியின் தலைப் படத்தையே திறந்து பார்த்தார். டிக். பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. தியேட்டருக்குத் தொலைபேசியில் சொன்னார். "வந்துடுச்சு" என்று டாக்டர் போனை வைத்தார். நாலாவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் வெறும் காகிதம்.

நோயாளி பிழைத்துக்கொண்டார். பத்து நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் அன்று ஸ்கேன் அறை வாசலில் மூன்று மணி நேரம் காத்துக்கிடந்தவர்களில் ஒருத்தி நிர்வாகக் குழுவில் இருக்கிற ஒருவருடைய மாமியார். மாமியார் மருமகனிடம் சொல்ல, மருமகன் குழுவில் சொல்ல, மூன்றாவது வாரம் விசாரணை என்று ஓலை வந்தது. வெளியிலிருந்து யார் உள்ளே நுழைந்தார்கள் என்பதற்கு இன்னொரு பதிவு உண்டு. அது ஏழு நாள்தான் தங்கும்; அதற்குள் எடுத்து வைக்க இவருக்குத் தோன்றவில்லை. மூன்று வாரத்துக்கு அப்புறம் அதில் தேடினால் என்ன கிடைக்கும்?

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் மேலாளர் கீழே இறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க, நமக்குள்ள எதுக்கு வம்பு? அந்த நாலாவது வரிக்கு ஒரு டிக் போட்டுடுங்க. லாக்கை எடுத்தேன், நகல் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. புது வெர்ஷன் தானாவே ஏறிடுச்சுன்னு நான் சொல்றேன். பழி மிஷின் மேல போயிடும். மிஷினுக்கு என்ன மெமோவா கொடுக்கப்போறாங்க?"

"நீங்கதானே சார் போட்டீங்க?"

"அதைத்தான் உங்களால காட்ட முடியாதே" என்றார் மேலாளர். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார். அதைத்தான் இவரால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, மூடி, திறந்து உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். நடந்த அத்தனையும் அவளுக்குத் தெரியும்.

"போடுங்க" என்றாள்.

"செய்யலியே."

"அவன் மட்டும் உண்மையா பேசப்போறான்? அம்பத்தி மூணு வயசுல உங்களை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? ஒரு டிக். ஒரே ஒரு டிக் போடக் கை வரலையா உங்களுக்கு?"

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா மூச்சு வாங்கியது ஞாபகம் வந்தது என்று அப்புறம் சொன்னார். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். பைத்தியக்கார மனுஷன்! நோட்டை மூடினார். மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை நடத்திய அம்மா கெட்டவள் இல்லை. நிதானமாகத்தான் கேட்டாள். இவர் நடந்ததை நடந்தபடி சொன்னார், குளிர் அறைக் குரலிலேயே. "கத்தாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்கள். தள்ளி வைக்கச் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. ஞாயிறன்று எங்கே இருந்தீர்கள்? வீட்டில். வீட்டிலிருந்தும் செய்யலாமே? செய்யலாம். மேலாளரே போனில் ஒப்புக்கொண்டாரே என்றார் இவர். அப்படி எதுவும் பேசியதாக ஞாபகம் இல்லை என்றார் மேலாளர். டாக்டரைக் கூப்பிட்டார்கள். "படம் கேட்டேன், கொடுத்தார். கீழே இவங்க என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். அவர் சொன்னது உண்மைதான். ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் நோட்டை எடுத்தார்கள். பதினோரு வருஷம் இவர் சாமி மாதிரி காப்பாற்றிய நோட்டு.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"மேல போட்டிருக்கிற தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. புது வெர்ஷன் போடுறதுக்கான எல்லா வரியும் இருக்கு."

"அது தள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி எழுதினது. பாருங்க, இடது பக்கத்துல ஒரு டிக்கூட இல்ல. நான் செஞ்சிருந்தா டிக் போட்டிருப்பேன்."

"சரி. வலது பக்கம் நாலாவது வரிக்கும் டிக் இல்ல. லாக்கை எடுக்காம திரும்பாதேன்னு நீங்களே சிவப்புக் கோடு போட்டிருக்கீங்க. ஆறு வரியில அஞ்சைச் செஞ்சுட்டு, யார் செஞ்சதுன்னு காட்டுற ஒரு வரியை மட்டும் ஏன் விட்டீங்க?"

டாக்டர் அவசரப்படுத்தியதை மறுபடி சொன்னார். ஓரத்தில் எழுதிய பென்சில் வரியைக் காட்டினார். "இதை யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எழுதலாம்" என்றாள் அந்த அம்மா. டிக்குக்குப் பதிலாக இருந்த பேனாப் புள்ளியையும் பார்த்தாள். "போட வந்து நிறுத்தியிருக்கீங்க போல" என்றாள்.

இரண்டாவது மெமோவைக் கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள். நோட்டு அலுவலகச் சொத்து என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வரச்சொன்னார்கள். போனார். புதன்கிழமை காலை, வரவேற்பறையில் நல்ல கூட்டம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புதிதாகத் தரச் சான்றிதழ் தொங்கியது. பக்கத்தில் மேலாளர் அதை வாங்கிக்கொள்கிற போட்டோ. அதற்கும் பக்கத்தில், எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆய்வுக்குழுவின் கேள்விப் பட்டியலையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இவர் கிட்டப் போய்க் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். நாற்பது கேள்வி. பத்தொன்பதாவது: மென்பொருள் அனைத்தும் அண்மைப் பதிப்பில் உள்ளனவா? பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். கீழே மேலாளரின் கையெழுத்து, செவ்வாய்க்கிழமைத் தேதி.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, தன் கையாலேயே பழைய வெர்ஷனுக்குத் திருப்பியவர் அங்கே நின்றார். ஸ்கேன் மிஷின்கள் மாறுகிற வரைக்கும் புதியதைப் போட முடியாது என்பதும், கீழே இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சார், வழியில நிக்காதீங்க" என்றான் காவலாளி, புது ஆள். தள்ளி நின்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மனைவியிடம் சொன்னார். எத்தனையாவது கேள்வி, என்ன மை, யார் கையெழுத்து, ஒன்று விடாமல் சொன்னார். இப்போதெல்லாம் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அவள் கிட்ட வந்து கேட்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா," என்றாள், "அவனுக்குக் கை வந்துச்சே."